யாழ்ப்பாணத்தில் இருந்து சரக்கு அனுப்புவதும் எடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துச் சிறு உற்பத்தியாளர்களுக்கு ஏற்றுமதி, இறக்குமதிக் காகித வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், பனையோலைச் சாமான் செய்கிறவர்கள், இந்தியாவில் இருந்து மெஷின் இறக்க நினைக்கிறவர்கள், லண்டன் பெட்டிக்காகக் காத்திருக்கிறவர்கள் என்று வருகிற எல்லோரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். கட்டணத் தொகைகளை மட்டும் விட்டுவிட்டேன். அவை மாதத்துக்கு மாதம் மாறும்.

1. அண்ணை, காங்கேசன்துறையில துறைமுகம் இருக்கு. பிறகேன் என்ர சாமான் கொழும்புக்குப் போய்த்தான் கப்பல் ஏற வேணும்?

ஆக அதிகம் கேட்கப்படுவது இதுதான். கப்பல் கட்டுவதற்கு இடம் இருந்தால் மட்டும் கொள்கலன் கப்பல் வந்துவிடாது. வாராவாரம் குறித்த நாளில் வந்து போவதற்கு அங்கே போதிய சரக்கு இருக்க வேண்டும், ஏற்றி இறக்கப் பாரந்தூக்கி வேண்டும், வெற்றுக் கொள்கலன் அடுக்கி வைக்க முற்றம் வேண்டும், சுங்கம் வேண்டும். கொழும்பில் இவை எல்லாம் உண்டு. அதன் தெற்குப் பகுதியில் 18 மீற்றர் ஆழம் இருப்பதால் 400 மீற்றர் நீளக் கப்பல்களும் வந்து கட்டுகின்றன.

கொழும்பு 2024இல் கையாண்ட சரக்கு, 20 அடிக் கொள்கலன் கணக்கில் 77 இலட்சத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி இலங்கைக்கு உரியதே இல்லை. இந்தியா, பங்களாதேஷ் போன்ற நாடுகளுக்குக் கொழும்பில் கப்பல் மாறிப் போகிற சரக்கு அது. இந்தியாவின் சரக்கே கொழும்பில் கப்பல் மாறும்போது, யாழ்ப்பாணத்தின் சில கொள்கலன்களுக்காக ஒரு கப்பல் பாதையை விட்டு வடக்கே திரும்பாது. கோபிக்க ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி.

2. எஃப்.சி.எல், எல்.சி.எல் எண்டு சொல்லினம். எனக்கு எது?

எஃப்.சி.எல் என்றால் முழுக் கொள்கலனும் உங்களுடையது. எல்.சி.எல் என்றால் பலருடைய சாமானோடு உங்களுடையதும் ஒரே கொள்கலனில் போகும். வானை முழுதாகப் பிடிப்பதற்கும் பஸ்ஸில் சீட் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பஸ்ஸில் பக்கத்தில் யார் இருப்பார் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. ஒடியல் மாவுக்குப் பக்கத்தில் கருவாடு வந்தால் மா முழுக்கக் கருவாட்டு வாசம் அடிக்கும். உணவுப் பொருள் அனுப்புகிறவர்கள், கூட ஏறுகிற சரக்கு என்ன என்று முகவரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

20 அடிக் கொள்கலனின் உட்கொள்ளளவு சுமார் 33 கன மீற்றர். பெட்டி அடுக்கும்போது இடைவெளி விழுவதால் 28 அளவில்தான் பிடிக்கும். 40 அடிக்குள் இடம் இரண்டு மடங்கு, ஆனால் தாங்கும் எடை இரண்டு மடங்கு இல்லை. ஆகவே மா, பனங்கட்டி போன்ற பாரமான சாமானுக்கு 20 அடி போதும். பனையோலைப் பொருளுக்கு 40 அடி நல்லது. உங்கள் சரக்கு 15 கன மீற்றரை நெருங்கினால் இரண்டு முறைக்கும் விலை கேளுங்கள். பாதிக் கொள்கலன் வெறுமையாகப் போனாலும் முழுக் கொள்கலன் மலிவாக வரும் இடம் அங்கேதான் தொடங்கும்.

3. சி.பி.எம் கணக்கை எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்கோ.

சி.பி.எம் என்றால் கன மீற்றர். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீற்றரில் பெருக்குங்கள். 60, 40, 40 சென்ரிமீற்றர் உள்ள ஒரு கார்ட்போட் பெட்டி 0.6 × 0.4 × 0.4 = 0.096 கன மீற்றர். நூறு பெட்டி 9.6 கன மீற்றர். எல்.சி.எல்லில் ஒரு கன மீற்றரையும் ஒரு தொன்னையும் சமமாக வைத்து, எது கூடவோ அதற்குக் காசு எடுப்பார்கள். பெட்டிக்கு 20 கிலோ என்றால் நூறு பெட்டிக்கு 2 தொன். 9.6தான் கூட, அதற்குத்தான் கட்டணம். ஆகவே பெட்டிக்குள் காற்றை அனுப்பாதீர்கள். பெட்டியின் உயரத்தில் ஐந்து சென்ரிமீற்றர் குறைத்தாலே நூறு பெட்டியில் 1.2 கன மீற்றர் மிஞ்சும்.

விமானத்தில் கணக்கு வேறு. சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் வகுக்க வேண்டும். அதே பெட்டி 16 கிலோ என்று வரும். உள்ளே 20 கிலோ மா இருந்தால் 20 கிலோவுக்குக் காசு. உள்ளே 5 கிலோ பனையோலைக் கூடை இருந்தாலும் 16 கிலோவுக்குக் காசு. கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி அளவு மாற்றிப் பின்னச் சொல்வது இதற்காகத்தான்.

4. பலாலியில இருந்து விமானத்தில அனுப்பேலாதோ?

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கே வந்து போவது ஏ.ரி.ஆர் வகைச் சின்ன விமானங்கள். ஆக்களும் அவர்களுடைய பயணப் பொதியும் ஏறினாலே அதன் வயிறு நிறைந்துவிடும். ஏற்றுமதிச் சரக்குக்கு இப்போதைக்குக் கட்டுநாயக்காதான். நண்டு, இறால் போன்றவை குளிரில் தெற்கே போய் அங்கிருந்து பறப்பதும் அதனால்தான்.

5. கொள்கலனை இஞ்ச கொண்டுவந்து ஏத்துறது நல்லதோ, லொறியில கொழும்புக்குக் கொண்டுபோய் ஏத்துறது நல்லதோ?

சரக்கைப் பொறுத்தது. இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் காசு போவது இந்த இடத்தில்தான்.

வெற்றுக் கொள்கலன்கள் கொழும்பில் நிற்கின்றன. அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தால், வெறுமையாக வருகிற சுமார் 400 கிலோமீற்றருக்கும் நிரப்பிக்கொண்டு போகிற 400க்கும் நீங்களே கட்ட வேண்டும். சாதாரண லொறியின் நிலை நேரெதிர். தெற்கில் இருந்து மளிகை, உடுப்பு, கட்டடப் பொருள் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வருகிற லொறிகள் ஏராளம். திரும்பிப் போகும்போது வெங்காயம், மரக்கறி, மீன் காலம் தவிர அவற்றுக்குச் சுமை தேட வேண்டும். சும்மா போவதற்கு ஏதாவது கிடைத்தால் நல்லது என்று நினைக்கிற சாரதியிடம் பேரம் பேசலாம். மரக்கறி ஏறுகிற சீசனில் இந்தப் பேரம் எடுபடாது.

ஆனால் லொறியில் போனால் சாமான் கூடுதலாக இரண்டு தடவை கைமாறும். இங்கே ஏற்றி, கொழும்புக் களஞ்சியத்தில் இறக்கி, பிறகு கொள்கலனுக்குள் அடுக்குவார்கள். போத்தல், அப்பளம் போன்ற உடையும் சாமானுக்கு அது ஆபத்து. என் கருத்து இதுதான்: 20 அடி நிறைய உணவுப் பொருள் இருந்தால் உங்கள் முற்றத்திலேயே ஏற்றுங்கள், அதற்குக் குறைந்தால் லொறிதான். இங்கே ஏற்றினால் கொள்கலனின் மொத்த எடையை உறுதிப்படுத்திக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க உள்ள விதி அது. அந்த எடைக் கடிதம் இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

6. வாங்குறவர் எஃப்.ஓ.பி விலை கேக்கிறார், இன்னொருத்தர் சி.ஐ.எஃப் கேக்கிறார். என்ன குடுக்கிறது?

எஃப்.ஓ.பி கொழும்பு என்றால், கொழும்பில் கப்பலில் ஏறும்வரை உள்ள செலவு உங்களுடையது. லொறி, சுங்க வேலை, துறைமுகக் கட்டணம் எல்லாம் அதற்குள் வரும். கப்பல் கூலி அவருடையது. சி.ஐ.எஃப் என்றால் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்து அவருடைய துறைமுகம்வரை நீங்கள் கட்டுகிறீர்கள். ஆனால் சேதத்துக்கான பொறுப்பு சி.ஐ.எஃப்பிலும் கொழும்பில் கப்பல் ஏறியதோடு அவருக்கு மாறிவிடும். இந்த இடத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் எஃப்.ஓ.பியில் தொடங்கட்டும். விலை சொல்லும்போது யாழ்ப்பாணம் – கொழும்பு லொறிக் கூலியை மறக்காமல் சேர்க்க வேண்டும். ரொரன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர்தானே என்று அதை விட்டுவிட்டு இலாபம் முழுவதையும் ஏ9 வீதியில் கொட்டியவர்களைத் தெரியும்.

7. பி.எல் எண்டு ஒரு தாள் தருகினம். அது அவ்வளவு முக்கியமோ?

அந்தத் தாள்தான் சரக்கு. கப்பல் நிறுவனம் சரக்கைப் பெற்றதற்கான சான்றும் அதுவே, போய்ச் சேரும் துறைமுகத்தில் சரக்கை எடுப்பதற்கான உரிமையும் அதுவே. மூலப்பிரதி கையில் இருக்கும்வரை வாங்குகிறவர் சரக்கை எடுக்க முடியாது. ஆகவே காசு வராமல் மூலப்பிரதியை அனுப்ப வேண்டாம். முழு நம்பிக்கை உள்ள இடமென்றால் மூலப்பிரதி இல்லாமலே விடுவிக்கும் முறையும் உண்டு. அதற்கு ஒப்புக்கொண்ட பிறகு உங்கள் கையில் பிடிமானம் ஒன்றும் இல்லை.

அப்புறம், பெயர். நம்மவர்களுக்கு முன்னெழுத்து ஒரு தாளில் முன்னால் வரும், இன்னொன்றில் தகப்பன் பெயர் முழுதாகப் பின்னால் வரும், ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்றாவதில் மாறும். விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், பி.எல் மூன்றிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும். கடன்கடிதம் மூலம், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் காசு தருவதாக வாங்குகிறவரின் வங்கி கொடுக்கும் உறுதி மூலம், காசு வருவதாக இருந்தால் வங்கி ஒரு எழுத்துப் பிழைக்கும் திருப்பி அனுப்பும். வரைவுப் பிரதி மின்னஞ்சலில் வரும்போதே பார்த்துத் திருத்துங்கள். கப்பல் போன பிறகு திருத்தக் காசு கட்ட வேண்டும்.

8. மரப் பெட்டியில அடிச்சு அனுப்பலாமோ?

அனுப்பலாம், ஆனால் பூச்சி கொல்லப்பட்ட மரமாக, அதற்கான முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். வெப்பமூட்டும் முறையில் மரத்தின் உள்மையம் 56 பாகை செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். பட்டறையில் கிடந்த பலகையில் அடித்த பெட்டியை வாங்குகிறவரின் நாட்டில் திருப்பி அனுப்புவார்கள் அல்லது எரிப்பார்கள், உங்கள் செலவில். பெரும்பாலானவர்களுக்குக் கார்ட்போட் பெட்டியே போதும்.

9. ரயில் காங்கேசன்துறை வரைக்கும் வருது. அதில கொள்கலன் ஏத்தினால் மலிவுதானே?

தாளில் பார்த்தால் மலிவு. 1990இல் நின்ற வடபாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் மறுபடி தொட்டது. தண்டவாளம் புதிது, தொன்னுக்கு எரிபொருளும் லொறியைவிடக் குறைவு. ஆனால் ரயில் உங்கள் வாசலுக்கு வராது. இங்கே நிலையம்வரை ஒரு லொறி, நிலையத்தில் தூக்கி ஏற்ற ஒரு பாரந்தூக்கி, கொழும்பில் இறக்க இன்னொன்று, அங்கிருந்து துறைமுக முனையத்துக்கு இன்னொரு லொறி. தண்டவாளத்தில் மிச்சம் பிடித்ததை இந்த நாலு இடமும் தின்றுவிடும். பாதையும் ஒற்றைப் பாதை, பயணிகள் ரயிலுக்குத்தான் முதலிடம்.

எப்போது ரயில் வெல்லும் என்றால், ஒரே வகைச் சரக்கு ஒரே இடத்தில் இருந்து ஒரே இடத்துக்குத் தினமும் போகும்போது. எரிபொருள், சீமெந்து, கோதுமை மா போன்றவை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை ஓடிய காலத்தில் அப்படி ஒரு சரக்கு இருந்தது. இன்று இல்லை. சின்னப் பொதிகளுக்கு ரயில் பார்சல் சேவை உண்டு, மாதிரிப் பொருள் கொழும்புக்கு அனுப்ப அது வசதி.

10. லண்டனில இருந்து மகன் கப்பல்ல பெட்டி போட்டு இரண்டு மாதத்துக்கு மேல. காணாமல் போச்சோ?

பெரும்பாலும் காணாமல் போயிருக்காது. வீடுவரை கொண்டுவந்து தரும் சேவைகள் பெட்டி வந்த அன்றைக்கே கப்பல் ஏற்றுவதில்லை. ஒரு கொள்கலன் நிறையும்வரை காத்திருப்பார்கள். கொழும்பு வந்த பிறகு ஒரே கொள்கலனில் உள்ள எல்லாருடைய பெட்டிகளும் சுங்கத்தைத் தாண்ட வேண்டும். ஒருவர் உடுப்பு என்று எழுதிவிட்டு உள்ளே பத்துக் கைபேசி வைத்தால் மற்ற எல்லோருக்கும் தாமதம். பிறகு யாழ்ப்பாணத்துக்கு ஒரு லொறி நிறைய வேண்டும். காத்திருப்பு மூன்று இடத்தில், கடல் ஒரு இடத்தில்.

கடலும் நீண்டுவிட்டது உண்மை. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் பெரிய நிறுவனங்கள் சுயஸ் கால்வாயை விட்டு ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவில் இருந்து ஆசியாவுக்கு அந்தச் சுற்றில் பத்து நாளுக்கு மேல் கூடும். மகனிடம் பெட்டி எண்ணை மட்டும் வாங்காமல் கொள்கலன் எண்ணையும் வாங்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்துக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

11. நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடுதுதானே. அதில சாமான் கொண்டுவந்து விக்கேலாதோ?

அது பயணிகள் கப்பல். 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிச் சில நாளில் பருவமழைக்காக நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ என்ற 150 பேர் போகும் கப்பலோடு மறுபடி தொடங்கியது. உங்கள் பாவனைக்கு உரிய பயணப் பொதிதான் அதில் வரலாம். ஒரே சேலையில் ஐம்பது கொண்டுவந்தால் சுங்கம் அதை வியாபாரச் சரக்காகத்தான் பார்க்கும்.

வியாபாரத்துக்கு என்றால் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கொள்கலனில் வருவதுதான் இன்றைய வழி. கடல் தூரம் சின்னது. நாகபட்டினம் காங்கேசன்துறைக்கு எதிரே இருக்கும்போது கொழும்பைச் சுற்றி 400 கிலோமீற்றர் வீதியில் வருவது எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

12. இறக்குமதிக் கொள்கலன் எடுத்தன். டெமரேஜ், டிட்டென்ஷன் எண்டு இரண்டு பில். ஒரே விசயத்துக்கு இரண்டு தரம் எடுக்கினமோ?

இல்லை, இரண்டும் வேறு. இலவச நாள் முடிந்த பிறகும் கொள்கலன் துறைமுகத்துக்குள் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப்போய் வெற்றுக் கொள்கலனைக் காலத்தோடு திருப்பிக் கொடுக்காவிட்டால் டிட்டென்ஷன். கொழும்புக்காரருக்கு இரண்டாவது பெரிய பிரச்சினை இல்லை. நமக்கு, வருகிற நாள், இறக்குகிற நாள், திரும்புகிற நாள் எல்லாம் அதே கணக்கில் ஓடும். இடையில் போயா தினமும் வார இறுதியும் வந்தால் முடிந்தது.

ஆகவே கப்பல் ஏறும் முன்பே, யாழ்ப்பாணம் போகிற கொள்கலன் என்று சொல்லிக் கூடுதல் இலவச நாள் கேளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. சுங்க முகவரை, நாங்கள் வாஃப் கிளார்க் என்று சொல்கிறவரை, கப்பல் வருவதற்கு முன்பே பிடித்து ஆவணங்களைக் கொடுத்துவிடுங்கள். சோதனைக்குத் தெரிவானால் கொள்கலன் ஒருகொடவத்தை முற்றத்துக்குப் போகும், அங்கே வரிசை நீளமாக இருக்கும் காலங்கள் உண்டு. சாமான் சின்னதென்றால் கொழும்பிலேயே இறக்கி, 5ஆம் பதிலில் சொன்னதற்கு மறுதலையாக, வடக்கே வரும் லொறியில் போடுவது மலிவு.

13. காப்புறுதி கட்டாயமோ? கப்பல்காரன்தானே பொறுப்பு?

கப்பல்காரரின் பொறுப்புக்குச் சட்டத்தில் உச்ச வரம்பு உண்டு, அதற்கு மேல் தர மாட்டார். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கப்பல் எரிந்தபோது அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அதற்கு இரண்டு மாதம் முன்னர் எவர் கிவன் சுயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்தது. அந்தக் கப்பலின் உரிமையாளர் பொது இழப்புப் பங்கீடு அறிவித்தார். அதாவது கப்பலைக் காப்பாற்றிய செலவில் சரக்கு உரிமையாளர்களும் பங்கு கொடுக்க வேண்டும். உங்கள் சாமான் பழுதாகாமல் இருந்தாலும் பங்குக்கு உத்தரவாதம் கொடுக்காமல் எடுக்க முடியாது. காப்புறுதி இருந்தால் அந்த உத்தரவாதத்தைக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கும். காப்புறுதியை உங்கள் முற்றத்தில் இருந்து வாங்குகிறவரின் களஞ்சியம்வரை என்று எழுதி எடுங்கள். துறைமுகத்தில் இருந்து மட்டும் எடுத்தால் ஏ9இல் லொறி கவிழ்ந்ததற்கு ஒன்றும் வராது.

காப்புறுதி தராத சேதமும் உண்டு. கொள்கலன் வியர்க்கும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது கூரையில் நீர்த்துளி கட்டிப் பெட்டிகளில் சொட்டும். மிளகாயும் ஒடியலும் சரியாகக் காயாமல் போனால் பூஞ்சணம் பிடித்துத்தான் இறங்கும். அதைச் சரக்கின் சொந்தக் குறை என்று தள்ளிவிடுவார்கள். நன்றாகக் காய வைத்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டு அனுப்புங்கள்.

14. சண்டைக் காலத்தில காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் கப்பல்லதானே சாமான் வந்தது. இப்ப மட்டும் ஏன் ஏலாது?

நல்ல கேள்வி. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது வேறு வழி இல்லை. கூலி எவ்வளவானாலும் கப்பல்தான். வீதி திறந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கிடைத்தது. கொழும்பு – காங்கேசன்துறை கடற்பயணத்தில் இரண்டு துறைமுகக் கட்டணமும் இரண்டு பக்க லொறியும் வரும். வீதியில் ஒரு லொறி இரவோடிரவாக வந்து கடை வாசலில் இறக்கும். 9ஆம் பதிலில் ரயிலுக்குச் சொன்ன கணக்கேதான். கடல் எப்போதும் மலிவு, கடலில் இறங்குவதும் ஏறுவதும்தான் விலை.

அதற்கும் முந்தைய கதை வேறு. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போனது. கடலோடத் தெரியாத ஊர் இல்லை இது. ஆனால் கொள்கலன் காலம் சின்னத் துறைமுகங்களை உலகம் முழுக்கவே ஓரம் கட்டிவிட்டது.

15. அப்ப இந்தியா காசு தந்து காங்கேசன்துறையைத் திருத்திறது வீணோ?

வீண் இல்லை. போருக்குப் பிறகு உள்ளே மூழ்கிக் கிடந்த கப்பல்களை இந்தியா அகற்றித் தந்தது. முதலில் கடனாகப் பேசப்பட்ட புனரமைப்பு, 2024இல் 6 கோடியே 15 இலட்சம் டொலர் முழு மானியமாக மாறியது. என் எதிர்பார்ப்பு கொள்கலன் கப்பல் இல்லை. சீமெந்து, ஓடு, உரம், கட்டடக் கம்பி போன்ற பாரமான, மலிவான சரக்கு தென்னிந்தியாவில் இருந்து சின்னக் கப்பலில் நேரே வந்தால், வடக்கு மாகாணத்துக்கு 400 கிலோமீற்றர் லொறி மிச்சம். அது பெரிய விசயம்.

நான் பார்க்கிற சிக்கல், திரும்பிப் போகும் கப்பலில் என்ன ஏறும் என்பது. வெறுமையாகத் திரும்பினால் வருகிற சரக்கே இரண்டு பக்கக் கூலியையும் சுமக்கும். வந்த அன்றைக்கே இங்கேயே சோதனை செய்து விடுவிக்கிற சுங்கமும், தாவரத் தொற்றுத்தடைப் பரிசோதனையும் இல்லாவிட்டால் ஆழப்படுத்தியும் பயன் குறைவு. அலைதடுப்பைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

16. திருகோணமலை கிட்டத்தானே, அங்க இருந்து அனுப்பினால்?

இயற்கையான ஆழ்துறைமுகம், சந்தேகம் இல்லை. அங்கே கோதுமை, சீமெந்து, எரிபொருள் போன்ற மொத்தச் சரக்குக் கப்பல்கள் வருகின்றன. உங்கள் நூறு பெட்டிக்கு வேண்டியது கால அட்டவணையோடு வரும் கொள்கலன் கப்பல். 1ஆம் பதிலைப் பாருங்கள்.

17. கனடாவில வாங்குறவர் டி.டி.பி விலை கேக்கிறார். நல்ல ஓடர். ஓம் எண்டு சொல்லட்டோ?

வேண்டாம். அப்படி ஒப்புக்கொண்டால் கனடாவில் சுங்கத் தீர்வை கட்டி அவருடைய கதவுவரை கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் தலையில் விழும். அங்கே உணவுப் பரிசோதனையில் சரக்கு நின்றால் நாள்வாடகையும் உங்களுடையது. அந்த ஊர்ச் சுங்கத்தில் உங்களுக்கு யாரையும் தெரியாது, அவருக்குத் தெரியும். கொழும்பு எஃப்.ஓ.பி சொல்லுங்கள். மிகவும் வற்புறுத்தினால் சி.ஐ.எஃப் வரை போகலாம். அதுக்கும் சம்மதிக்காவிட்டால், முதல் தடவை பத்துப் பெட்டி மட்டும் அனுப்பி உண்மையான செலவைப் பார்த்த பிறகு விலை சொல்லுங்கள்.